சுண்டெலி சுவரைப் பார்க்கிறான்

தானியக் கிடங்குக்குள் சுண்டெலி நின்றுகொண்டிருந்தான். அவள் படத்துக்கு முன்னால்.

பிரவீனா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். ஜன்னலின் கீழ்ப்பாதியைச் சாத்தினாள். சுவரோரமாக உட்கார்ந்து போனை எடுத்தாள். அவன் இன்னும் அங்கேதான் இருந்தான். முதுகில் ஆள் உயர வாள். தலை முழுக்க இரும்பு. தலைக்கு மேலே சின்ன எழுத்தில் பெயர்: சுண்டெலி.

அந்தப் பெயரை வைத்தது அவள்தான். அவ்வளவு பெரிய உருவத்துக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டுத் தம்பியும் அவளும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். தம்பி ஹரீஷ்குமார். அவனைப் பார்த்து ஒன்றரை வருடமாகிறது.

கிடங்கு என்பது கிரேமூர் என்ற விளையாட்டுக்குள் இருக்கும் ஒரு கட்டடம். போனில் ஆடுவது. உள்ளே மலை, காடு, கோட்டை, சந்தை எல்லாம் உண்டு. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு உரு. அந்த உருவுக்கு ஒரு பெயர், ஒரு தொழில். தமிழில் பேசி ஆடுகிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து கிரேமூரின் வடக்கு ஊரில் குடியிருந்தார்கள். வெளியே அவர்களில் ஒருவர் ஈப்போவில் பல் மருத்துவர், இன்னொருவர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் என்று பேச்சு. உள்ளே யாரும் அதைக் கேட்பதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, இங்கே மாங்காய் வரத்து ஓய்கிற சமயத்தில், ஊர் நடுவிலுள்ள பழைய தானியக் கிடங்கைக் காலிசெய்து படக் கண்காட்சி வைப்பார்கள். ஊரார் வரைந்த படங்கள் சுவரில் ஏறும். வரைந்தவர் பெயரைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் பிடித்த படத்தின் அடியில் ஒரு விளக்கு ஏற்றலாம், ஒரு வரி எழுதலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கும். துணிகள் விலகும். அதுவரை மாட்டிய படத்தை யாரும் இறக்க முடியாது, வரைந்தவராலும் முடியாது. இன்னொரு விதியும் உண்டு. கிடங்குக்குள் கிரேமூர்க்காரர்களாக மட்டுமே பேச வேண்டும். வெளியூர்ப் பெயரோ வெளி மனிதர் பெயரோ வாயில் வந்தால் வாசல் காவலன் பிடித்துத் தள்ளிவிடுவான்.

மூன்று கண்காட்சிகளில் அக்காவும் தம்பியும் சேர்ந்து படம் வைத்திருக்கிறார்கள். அவள் கோடு போடுவாள், அவன் நிறம் தீட்டுவான். போன வருடம் அவள் வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் வைத்தாள். பழைய உருவை அழித்துவிட்டுப் புது உரு, புதுப் பெயர்: கொன்றை. விறகு விற்கிறவள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

குந்தாரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி அவளுடைய ஊர். ராகி, தக்காளி, கொஞ்சம் மாமரம். அப்பா முனிராஜ். அப்பாவுக்கு அண்ணன் நாராயணப்பன், வாரச் சந்தையில் மாடு பிடித்து விற்கிறவர். வீட்டில் பேச்சு அவருடையதுதான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளே டிவியின் சத்தம் குறையும். பிரவீனா டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டு மாதவன். உசிலம்பட்டிப் பக்கம். வேறு சாதி. அவள் வீட்டில் அதற்கு மேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

கல்யாணம் ஆன பிறகு போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசினார்கள். இனி எங்களுக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னார். பெரியப்பா மாதவனின் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பாகலூர் ரோட்டில் அவர்கள் குடியிருந்த அறைக்கு இரண்டு வண்டியில் ஆட்கள் வந்தார்கள். மாதவன் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய பழைய பைக் மட்டும் கீழே நின்றது. அதைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். பிரவீனா மேல்மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். பெரியப்பா கல்லைத் தொடவில்லை, தள்ளி நின்று பீடி பிடித்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவது வண்டியில் ஹரீஷ் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி. அங்கேயும் யாரோ விசாரித்ததாகத் தெரிந்ததும் மறுபடி ஓசூர்ப் பக்கமே, மத்திகிரி. மாதவன் கம்பெனி மாறினான். பிரவீனா வேலைக்குப் போவதை நிறுத்தினாள்.

மத்திகிரியில் மாரம்மாவின் மாடிப் போர்ஷன். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் அரசுக் கால்நடைப் பண்ணையின் புல்வெளி, அதற்கப்பால் தூரத்தில் ஓசூர் மலைக்கோயில். மாரம்மா வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், குடித்தனக்காரர்களிடம் தமிழ். அவளிடம் தாங்கள் இரண்டு பேரும் தேனிப் பக்கம், மாமன் மகள் அத்தை மகன் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பிரவீனா மாதவனின் பேச்சைக் கற்றுக்கொண்டாள். "அங்கிட்டு", "இங்கிட்டு", "வாரேன்", "போறாய்ங்க". சமையல் செய்துகொண்டே சொல்லிப் பார்ப்பாள். மாதவன் திருத்துவான்.

"அவய்ங்கன்னு எல்லாரையும் சொல்லக்கூடாதுடி. மாரம்மா புருஷனப் போய் அவய்ங்கங்குற. மரியாதை இல்ல."

"அப்ப யாரைச் சொல்றது?"

"உங்க பெரியப்பாவச் சொல்லு."

அப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். அது குடிவந்த புதிதில்.

இந்த வருடக் கண்காட்சிக்குத் தலைப்பு கொடுத்திருந்தார்கள்: உங்கள் உரு உறங்கும் இடம். பிரவீனாவுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஜன்னல். நாள் முழுக்க அதைத்தான் பார்த்தாள். வரைந்தாள். ஆனால் எல்லாவற்றையும் மாற்றினாள். மலைக்கோயில் கோபுரத்தை மூன்று காவல் கோபுரமாக்கினாள். தண்ணீர் டேங்கை ராட்சசக் காளானாக்கினாள். பண்ணை மாடுகளுக்கு நெற்றி நடுவில் ஒற்றைக் கொம்பும் தோளில் செதிலும் வைத்தாள். வானத்தில் இரண்டு நிலா. மாதவனிடம் காட்டியபோது, "இதப் பாத்தா மாடுன்னு மாட்டுக்கே தெரியாது" என்றான். அப்படித்தான் கிடங்கில் மாட்டினாள்.

இப்போது சுண்டெலி அதன் முன்னால் நிற்கிறான். அசையவில்லை.

அவளை அதிகம் பயமுறுத்தியது அவன் நின்ற விதம். வீட்டில் இருவரும் ஆடிய காலத்தில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் எழுதிச் சொல்ல நேரமிருக்காது. கட்டைவிரலால் உருவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். காடாக இருந்தால் மரத்தின் பக்கம். முகம் சுவரில் என்றால், பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேசாதே. ஆள் போனதும் முதுகைச் சுவருக்குக் காட்டித் திரும்ப வேண்டும். இருவருக்கும் மட்டும் தெரிந்த வழக்கம்.

சுண்டெலியின் முகம் சுவரில் இருந்தது. ஆனால் கண்காட்சியில் எல்லாருடைய முகமும் சுவரில்தான் இருக்கும். வரிசையாக வில்லாளிகளும் கொல்லர்களும் சுவரைப் பார்த்து நின்றார்கள். இவன் படம் பார்க்கிறானா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா?

கொஞ்ச நேரத்தில் படத்தின் அடியில் ஒரு வரி தோன்றியது. சுண்டெலி எழுதியது.

"பட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டியிருப்பது அருமை."

அவ்வளவுதான். சுண்டெலி மறைந்துவிட்டான்.

பிரவீனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொம்பு, செதில், நிலா. பிறகு புரிந்தது. எல்லாவற்றையும் மாற்றியவள் வேலிகளை மாற்றவில்லை. கிடேரிகள் ஒரு பட்டி, கறவைகள் ஒரு பட்டி, காளைகள் கடைசியில் இரட்டை வேலிக்குள் தனியாக, நடுவில் தீவனவண்டி போகும் மண்பாதை. ஜன்னலில் இருந்தபடியே இருந்தது. கிரேமூரில் மிருகங்கள் காடு முழுக்கக் கலந்து திரியும். வேறு யார் வரைந்திருந்தாலும் கலந்துதான் வரைந்திருப்பார்கள். காளையையும் கிடேரியையும் ஒரே பட்டியில் விட அவளுக்குக் கை வரவில்லை. யோசிக்கக்கூட இல்லை. மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண் அப்படித்தான் வரைவாள். சின்ன வயதில் ஒருமுறை பெரியப்பா அவளையும் ஹரீஷையும் டெம்போவில் உட்காரவைத்து இந்தப் பண்ணைக்குக் கூட்டிவந்திருக்கிறார். வேலியில் ஏறி நின்று பார்த்திருக்கிறார்கள்.

அவர் இங்கே மாட்டு ஏலத்துக்கு வருகிறவர் என்பது வீடு பார்த்த அன்று அவளுக்கு நினைவில்லை. சாமான் இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மாதவனிடம் சொல்லவில்லை. மறுபடி மூட்டை கட்ட வேண்டும் என்பதை நினைத்தாலே உடம்பு கனத்தது.

முதல் ஷிப்ட் முடிந்து மாதவன் வந்தான். கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை.

"யாரு?"

"ம்... எமன். தெறடி."

உள்ளே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமலே நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏலத்தைப் பற்றியும் சொன்னாள்.

"இதத் தெரிஞ்சுக்கிட்டேவா இங்க உக்காந்திருந்த?"

"வந்ததுக்கப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

"வந்து ஆறு மாசமாகுதுடி."

மாதவன் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். புல்வெளியில் மாடுகள் அதனதன் பட்டியில் மேய்ந்துகொண்டிருந்தன.

"படத்த எடுத்துரு."

"எடுக்க முடியாது. மணி அடிக்கிற வரைக்கும் யாராலயும் முடியாது."

"நடத்துறவங்ககிட்டக் கேளு."

கேட்டாள். கண்காட்சியை நடத்துகிறவளுக்குக் கிரேமூரில் கிடங்குக்காரி என்று பெயர். பதில் உடனே வந்தது: "மாட்டினது மாட்டினதுதான் தாயே. விறகு விற்பவளுக்கு இத்தனை விளக்குகள் ஏறியிருக்கின்றன, மகிழ்ச்சியாக இரு." அடியில் ஒரு பூ.

விளக்குகளைப் பிரவீனா அப்போதுதான் பார்த்தாள். அவள் படத்தின் கீழே சுவரோரம் முழுக்க எரிந்துகொண்டிருந்தன. கிடங்கில் அவ்வளவு வெளிச்சம் வேறு எந்தப் படத்துக்கும் இல்லை.

மறுநாள் மாதவன் வேலைக்குப் போனதும் அவள் எந்தச் சத்தமும் எழுப்பாமல் இருந்தாள். குக்கர் வைக்கவில்லை. குழாயைச் சொட்டாகத் திறந்து வாளியில் துணியைப் போட்டு அதன்மேல் தண்ணீர் விட்டாள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் டின்னைப் பார்த்தாள். ஏன் அந்த டின் என்று தெரியாது. கண் அங்கேதான் போனது. ஒருமுறை படியேறி வரும் காலடி கேட்டது. கொத்துமல்லிக் கட்டோடு மாரம்மா.

"ஏனம்மா, உள்ள இருக்கியா, செத்துட்டியா? தண்ணி வந்துது, பிடிக்கல. துணி காயப் போடல."

"காச்சல் அக்கா" என்று கதவைத் திறக்காமலே சொன்னாள். "நேத்து ராத்திரில இருந்து. இப்ப எதுவும் வேணாங்கா. அப்புறமா வந்து வாங்கிக்கினு போறேன்."

சொன்ன பிறகு உறைந்துபோனாள். அங்கிட்டும் இங்கிட்டும் எங்கோ போய்விட்டன. வாயில் வந்தது அம்மாவின் பேச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாரம்மா, "சரி, கொத்துமல்லி இங்கியே வெக்கிறேன். ஆடு கீடு ஏறி வந்து தின்னுட்டுப் போவுது, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மாலையில் மாதவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிரவீனா கிடங்குக்குள் போனாள். கொன்றை கையில் விறகுக்கட்டோடு வாசல் தூணருகே நின்றாள். படத்துக்கு அருகே போகவில்லை.

சுண்டெலி வந்தான். நேராக அவள் படத்துக்கு நடந்தான். நின்றான். மெல்லத் திரும்பினான். படத்துக்கு முதுகைக் காட்டி, கூடத்தைப் பார்த்து நின்றான். கூடத்தில் அத்தனை பேரும் சுவரைப் பார்த்திருக்க அவன் ஒருவன் மட்டும் இந்தப் பக்கம் பார்த்தான்.

"என்னடி இது, லூசு மாதிரி நிக்கிறான்?" என்றான் மாதவன்.

"தனியா இருக்கான்" என்றாள் அவள். "பக்கத்துல யாரும் இல்லன்னு சொல்றான்."

சுண்டெலி பேசத் தொடங்கினான். யாரையும் பார்த்துப் பேசவில்லை. கிரேமூரில் சந்தையில் தண்டோரா போடுகிறவன் பேசுவதுபோல் பொதுவாகப் பேசினான்.

"இந்தச் சாளரத்தைக் கட்டிய கொத்தனாருக்கு ஒரு சேதி. நேற்று நான் படம் பார்க்கையில் பெரிய ஓநாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. வேலியைப் பார்த்ததும் இடத்தைக் கண்டுகொண்டது. படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாடு வாங்க அந்த வேலிக்கு வருகிறது. சாளரங்களையும் பார்க்கும்."

வாசல் காவலன் அசையவில்லை. அதில் வெளியூர்ப் பெயர் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற வில்லாளி ஒருத்தி, "ஓநாய் எப்போதிலிருந்து மாடு வாங்க ஆரம்பித்தது? பிடித்துத்தானே தின்னும்?" என்றாள். இன்னொருவன் சிரித்தான்.

பெரிய ஓநாய் கிரேமூரின் வடக்குக் காட்டில் இருந்தது. எத்தனை தடவை போனாலும் அவர்களால் அதைக் கொல்ல முடிந்ததில்லை. அது வரும்போது காட்டில் மற்ற சத்தமெல்லாம் அடங்கும். ஹரீஷ் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தான்.

சுண்டெலி மறைந்தான்.

மாதவன் நெடுநேரம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பெருவிரலால்.

"அன்னிக்கி வண்டில வந்தானா இல்லியா?"

"வந்தான்."

"அப்பறம் என்ன? இப்ப அவனுக்கு நம்ம இங்கதான் இருக்கோம்னு முழுசாத் தெரியாது. ஜன்னல் எதுன்னும் தெரியாது. பயமுறுத்தி வெளிய வர வைக்கிறாய்ங்க. நீ பையத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புல நிப்ப. அங்கதான் நிப்பாய்ங்க."

"திரும்பி நின்னான்ல?"

"திரும்பி நில்லுன்னு பக்கத்துல இருந்தே சொல்லலாம்ல?"

"அது யாருக்கும் தெரியாது. எங்களுக்கு மட்டுந்தான்."

"அடிச்சுக் கேட்டா யாரு வேணா எத வேணா சொல்வான்டி."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு வாய் அதைச் சொன்னதும் இன்னும் பயமாக இருந்தது. பதில் எழுதலாமா என்று யோசித்தாள். எழுதினால் இங்கே இருப்பது உறுதியாகிவிடும். எழுதாவிட்டால் ஒன்றும் தெரியாது. இருந்தால் வெள்ளிக்கிழமை வருகிறார். போனால் வழியில் நிற்கலாம். கதவு, ஜன்னல், தெரு, பஸ். ஒவ்வொன்றிலும் பெரியப்பாவை நிறுத்திப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அவர் பொருந்தினார்.

"எனக்குப் படபடங்குது. நீயே சொல்லு" என்றாள்.

"நான் சொன்னா தப்பாப் போனா ஆயுசுக்கும் சொல்லுவ. உன் தம்பி. நீ சொல்லு."

அன்று வண்டியில் உட்கார்ந்திருந்த ஹரீஷை நினைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் கல்லெறிந்தபோது அவன் என்ன செய்தான்? எறியவில்லை. தடுக்கவில்லை. வண்டியைவிட்டு இறங்கவில்லை. வண்டி காம்பவுண்ட் ஓரமாக நின்றது. அவன் காம்பவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் பைக்கைப் பார்த்தார்கள், மாடியைப் பார்த்தார்கள். அவன் மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை நாள் அதை வெட்கம் என்று நினைத்திருந்தாள்.

"போலாம்" என்றாள்.

வியாழக்கிழமை மாதவன் லீவு சொன்னான். இரண்டு பைகள். பாத்திரங்களை அப்படியே விட்டார்கள். கொடியில் ஒரு துண்டும் ஒரு நைட்டியும் தொங்கவிட்டார்கள், ஆள் இருக்கிற மாதிரி. மாரம்மாவிடம் உசிலம்பட்டியில் சாவு என்று மாதவன் சொன்னான். தேனி என்று சொல்லியிருக்க வேண்டும், ஊர் மாறிவிட்டது என்பது படியிறங்கிய பிறகே அவனுக்கு உறைத்தது. மாரம்மா, "யாரு?" என்று கேட்கவில்லை. பிரவீனாவை மட்டும் பார்த்தாள்.

"முக்காட்ட நல்லா இழுத்துக்கம்மா. வெயிலு" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோவின் பக்கவாட்டுத் திரையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஓசூர் ரயில்வே கேட் அருகே வண்டி நின்றபோது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவன் குனிந்து திரையின் இடுக்கில் பார்ப்பது தெரிந்தது. பிரவீனா மாதவனின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. பைக்கில் வந்தவன் ஆட்டோ டிரைவரிடம் தீப்பெட்டி கேட்டான். டிரைவர் இல்லை என்றார். கேட் திறந்தது. அத்திப்பள்ளி வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.

பொம்மசந்திராவில் மாதவனோடு முன்பு வேலை செய்த சிவராஜ் என்பவனின் அறை. அவன் தனியாள். சாவியைக் கொடுத்துவிட்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். கம்பெனிக் குடியிருப்பு. ஜன்னல் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் சுவர். பிரவீனா அந்தச் சுவரைப் பார்த்ததும் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம்வரை ஒன்றும் இல்லை. மாதவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சும்மா ஓடி வந்துட்டமோ?" என்றான். சிவராஜ் வாங்கிவைத்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மாரம்மாவிடமிருந்து போன் வந்தது. மாதவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனப்பா, சாவுக்குப் போனவங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோங்கா. என்ன விசயம்?"

"ரெண்டு ஆளு வந்தாங்க. ஒருத்தரு வயசானவரு, வெள்ளச் சட்ட, பீடி. பண்ணை ஏலத்துக்கு வந்தேன்னாரு. பண்ணைப் பக்கமா ஜன்னல் வெச்ச வீடெல்லாம் ஒவ்வொண்ணா ஏறி எறங்குறாரு. கையில போனு. போன்ல ஒரு படம். ரெண்டு நிலா, காளான்னு என்னென்னவோ. அந்த ஜன்னல் உங்க வீட்டு ஜன்னலான்னு கேக்கறாரு."

மாதவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"நான் என்னா சொல்லுவேன்? நனகே தமிழ் பரல்ல, எனக்குத் தமிழ் வராதுன்னு கன்னடத்துல சொல்லிட்டேன். அந்தாளு கன்னடத்துல கேட்டாரு. இங்க எல்லாருக்கும்தான் கன்னடம் வருதே. அப்புறம் தெலுங்குக்கு மாறிட்டேன். அதுலயும் கேக்கறாரு, பாவி. கடைசில காது கேக்கலன்னுட்டேன்." மாரம்மா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "மாடியேறிப் போனாங்கம்மா. நான் தடுத்தேன், நிக்கல. கூட வந்தவன் பூட்ட ஒடச்சான். உள்ள போய் ஜன்னலத் தொறந்து, போனத் தூக்கிப் புடிச்சு, பண்ணையப் பாத்து, படத்தப் பாத்து, ரொம்ப நேரம் நின்னாங்க. கொடில தொங்குன நைட்டிய எடுத்துனு போயிட்டாங்க."

பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேங்கா."

"நீ தேனிக்காரி இல்லன்னு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். களி கிண்டுற கையப் பாத்தா தெரியாதா? எந்தத் தேனிக்காரிடி களியில குழி விழாம உருட்டுவா? இந்தப் பக்கம் வராத. பாத்திரத்த மூட்ட கட்டி வெக்கிறேன். யாரையாவது அனுப்பு. நீ வராத."

ரொட்டியில் எறும்பு ஏறியது. ஹரீஷ் சொன்னது உண்மை. அது தெரிந்ததும் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. பூட்டை உடைத்து உள்ளே போனவர்கள் பாத்திரத்தையும் கொடியையும் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை ஆள் இருந்த வீடு. யாரோ முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பெரியப்பாவுக்குப் புரிந்திருக்கும். அந்தப் படத்தைப் பெரியப்பாவோடு சேர்ந்து பார்த்தவன் ஒரே ஒருவன்.

மாலை கிடங்கில் கூட்டம். மணி அடிப்பதைப் பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள். கொன்றை தூணருகே நின்றாள். விளக்குகள் படத்தின் கீழே எரிந்துகொண்டிருந்தன. சுண்டெலி இல்லை. கிடங்குக்காரி மேடையேறினாள். அப்போதுதான் அவன் வாசலில் தெரிந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் படத்துக்கு வந்தான். சுவரைப் பார்த்து நின்றான்.

"திரும்பு" என்றாள் பிரவீனா, போனைப் பார்த்து. "திரும்பு ஹரீஷு."

அவன் திரும்பவில்லை.

மணி அடித்தது. துணிகள் விலகின. அவள் படத்தின் கீழே கொன்றை என்ற பெயர் தெரிந்தது. யார் யாரோ வாழ்த்தினார்கள். விறகு விற்பவளே, அடுத்த வருடமும் வா என்றார்கள். இப்போது அந்தப் பெயரும் வெளியே வந்துவிட்டது. போனை அணைத்துவிட வேண்டும் என்று மாதவன் சொன்னான். அவள் அணைக்கவில்லை. சுண்டெலியைச் சுற்றி ஆட்கள் கலைந்து போனார்கள். அவன் முகம் சுவரில்தான் இருந்தது. எல்லாரும் படம் பார்ப்பதால் நிற்கிறார்கள், இவனும் அப்படித்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கண்காட்சி முடிந்தால் கிடங்கு மூடும். உள்ளே இருக்கிறவர்கள் தானாக வெளித் திடலுக்கு வந்துவிடுவார்கள். திரை ஒரு கணம் இருண்டு வெளிச்சமானது. வெட்ட வெளி. புல். நடுவில் ஒரு கிணறு. சுண்டெலி திடலின் ஓரத்தில் நின்றான். அங்கே படம் இல்லை, சுவர் இல்லை. இனி அவன் முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

அவன் அசைந்தான். இடதுபக்கம் திரும்பினான். வலதுபக்கம் திரும்பினான். எதையோ தேடுவதுபோல் ஒரு வட்டம் சுற்றினான். பிறகு நடந்தான். ஆள் உயர வாளோடு, தலை முழுக்க இரும்போடு திடலைக் கடந்து கிணற்றடிக்குப் போனான். முழங்கால் உயரமே இருந்த கிணற்றுச் சுவரின் முன்னால், முகத்தை அதற்குக் காட்டி நின்றான்.

பிரவீனாவின் கை தானாக நகர்ந்தது. கொன்றை இரண்டடி முன்னே போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் ஆள் இருக்கிறது. பேசாதே.

"என்ன சொல்றான்?" என்றான் மாதவன்.

"போனு அவன் கையிலதான் இருக்கு" என்றாள். "வேற யாரும் ஆடல. அவன்தான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்?"

திடலில் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். யாரோ வாணவேடிக்கை விட்டார்கள். சுண்டெலியின் முதுகு சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி இரும்பானது. அவன் திரும்புகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். போனின் சார்ஜ் இறங்கியபோது மாதவன் எழுந்து, இன்னும் பிரிக்காத பையிலிருந்து சார்ஜரை எடுத்துவந்து சொருகினான்.